ஈறு நிறத்தில் ஒரு மூடி

பல்செட்காரருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. வாய்தான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும். "அட, நம்ம கீழ்வரிசை! ஆட்டம் ஏதும் இல்லையே?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். கீழ்வரிசைக்குச் சொந்தக்காரர் நடுத்தெருவில் வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அவரை நகர விடுவார்.

இளவயதில் அவர் ஒரு பொம்மைக் கடையில் பிளாஸ்டர் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொம்மை வாங்க வந்த பல் டாக்டர் ஒருவர், பேத்திக்கு எடுத்த பொம்மையின் முகத்தை விட்டுவிட்டு அதன் அடிப்பாகத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை. "இதை யாருப்பா வார்த்தது? என்னோட வா. இனிமே வாயைத் திறந்த பொம்மை செய்யலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் காலமாகி, அவர் மகனும் டாக்டராகி, அந்த மகனுக்கும் இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. பல்செட்காரர் மட்டும் அதே கிளினிக்கின் பின்னறையில், அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முன்னறையில் டாக்டர் அச்சு எடுப்பார். அது ஒரு கிண்ணத்தில் பின்னறைக்கு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பது, மெழுகு வைப்பது, பல் பதிப்பது, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் ஈறு செய்து கொதிநீரில் கெட்டிப்படுத்துவது எல்லாம் பல்செட்காரர் வேலை. மேல்வரிசை செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேல்வரிசை பசையால் நிற்பதில்லை. அண்ணத்துக்கும் அதற்கும் நடுவே காற்றுக்கு இடமே இல்லாமல் பொருந்தினால், தானாகவே கவ்விக்கொண்டு நிற்கும். "தும்மினாலும் விழக் கூடாது, திட்டினாலும் விழக் கூடாது" என்பது அவர் வைத்திருந்த அளவுகோல். ஏலக்கடைக்காரர் ஒருவர் அவர் செய்த மேல்வரிசையோடு நாள் முழுக்கக் கத்திவிட்டு, ராத்திரி கழற்ற முடியாமல் கிளினிக்குக்கே திரும்பி வந்த கதையைப் பல்செட்காரர் கேட்பவருக்கெல்லாம் சொல்வார். அதைப் புகார் என்று அவர் எடுத்துக்கொண்டதே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் இருந்த ஒரே பைத்தியம் வீட்டு முன்னறையில் இருந்த கடல்மீன் தொட்டி. நன்னீர் மீன் வளர்ப்பவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. உப்பைக் கரைத்து, அளந்து, சூடு பார்த்து, மறுபடியும் அளந்து அவர் தண்ணீர் சேர்ப்பதைப் பார்த்தால் யாரோ குழந்தைக்கு மருந்து கலக்குகிறார் என்று தோன்றும். தொட்டியில் ஆரஞ்சுக் கோமாளி மீன் ஜோடி ஒன்று, தட்டையான மஞ்சள் மீன் ஒன்று, சிவப்பு உடம்பில் வெள்ளைக்கோடு போட்ட இறால் ஒன்று. இந்த இறால்தான் அவர் கண்மணி. மஞ்சள் மீன் அதன் எதிரே வந்து நின்று வாயைத் திறக்கும். இறால் உள்ளே ஏறி, மெல்லிய கால்களால் அதன் வாயைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கும். பல்செட்காரர் அதற்குச் 'சின்ன டாக்டர்' என்று பேர் வைத்திருந்தார். மாலையில் வேலை முடிந்து வந்தால் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு, சின்ன டாக்டர் கடை திறப்பதற்காகக் காத்திருப்பார்.

"நாள் பூரா வாயைப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்தும் வாயைத்தான் பாக்கறீங்க" என்பாள் மனைவி.

"இது வேற. இங்க நான் ஒண்ணும் செய்ய வேண்டாம். அதுவே பாத்துக்கும்."

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றாலும் விசிலை விடவில்லை. அது சமையலறை ஆணியில் தொங்கும். சாப்பாடு தயார் என்றால் ஒரு நீண்ட விசில். பால் பொங்குவதை அவர் பார்க்காமல் விட்டால் இரண்டு சின்ன விசில். வீட்டில் எந்தச் சண்டையும் அவள் தீர்ப்போடு முடியும். தீர்ப்பு தனக்கு எதிராக இருந்தாலும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. அந்த நேர்மைக்கு அவர் பயப்படுவார்.

ஒரு நாள் அவள் போனை வைத்துவிட்டு நேராக வந்து தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, அண்ணன் குளியலறையில வழுக்கி விழுந்திருக்கு. இடுப்பு எலும்பு. இனிமே தனியா இருக்க முடியாதாம். நம்ம வீட்டுலயே வெச்சுக்கப் போறேன்."

"தாராளமா. மச்சான் வரட்டும். நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"மேனேஜரும் வரும்."

பல்செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மச்சான் பஸ் கண்டக்டராக இருந்தவர். அண்ணன் தங்கை இருவருமே விசிலடித்துப் பிழைத்தவர்கள். மேனேஜர் என்பது பஸ் டிப்போவில் தானாக வந்து சேர்ந்து, மச்சானோடு வீட்டுக்கே போய்விட்ட சாம்பல் நிறப் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் மேஜைமேல் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துப் பார்க்கும் என்பதால் டிப்போக்காரர்கள் வைத்த பேர். கடாப் பூனை. அது நாற்காலியிலிருந்து குதித்தால் கீழ்வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"பூனையை யாருக்காவது..."

"அண்ணன் அதை விட்டுட்டு வராது. அண்ணனை நான் விட மாட்டேன். தொட்டி இருக்கணுமா போகணுமான்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க."

இந்தச் சேதி எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ, மறுநாளே டாக்டர் பின்னறைக்கு வந்து நின்றார். அவருக்கு அந்தத் தொட்டி மேல் ரொம்ப நாளாகக் கண். "காத்திருக்கிற ரூம்ல அந்த மூலை சும்மாதானே இருக்கு? அளந்துகூடப் பாத்துட்டேன். பேஷன்ட்டுங்க பயம் தெரியாம உக்காந்திருப்பாங்க. உங்களுக்கென்ன, தினமும் போகும்போது வரும்போது பாத்துக்கலாம்."

போகும்போதும் வரும்போதும்! யாருடைய தாடையையோ கையில் வைத்துக்கொண்டு, நின்றபடி, அடுத்தவர் மூலையில் இருக்கும் சின்ன டாக்டரைப் பார்ப்பதா? பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மூடி போடப் போறேன் டாக்டர்" என்றார்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டுவிட்டு விதியை வகுத்தாள். "பூனை ஒரு தடவை தண்ணில கை நனைச்சா எச்சரிக்கை. ரெண்டாவது தடவை நனைச்சா தொட்டி டாக்டர் கிளினிக்குக்குப் போயிடும். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கால அழக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்." டாக்டருக்கும் அவளே போன் செய்து விதியைச் சொல்லிவிட்டாள்.

முதல் மூடியைத் தச்சர் செய்தார். அவர் வந்து தொட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "பூனைக்குத்தானே? யானை ஏறினாலும் தாங்கற மாதிரி போட்டுடலாம்" என்றார்.

"கீல் என்ன கீல்?"

"இரும்பு."

"உப்புக் காத்து. துரு பிடிச்சுக் கொட்டும்."

"அப்ப பித்தளை போடறேன்."

"பித்தளையில செம்பு இருக்கு. துளி இறங்கினாக்கூட இறாலுக்கு விஷம்."

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மீனுக்கு இவ்ளோ பத்தியமா? எங்க மாமியார் பரவாயில்ல போலிருக்கே."

கடைசியில் கீலே இல்லாமல் கனமான மரப்பலகை மூடி ஒன்று வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடியிலிருந்து உப்புநீரின் ஈரம், மேலிருந்து விளக்கின் சூடு. மச்சானை ஆம்புலன்சில் கொண்டு வந்து உள்ளறையில் படுக்க வைத்த வாரத்திலேயே பலகை தேங்காய்த் துண்டு காய்ந்த மாதிரி வளைந்து, ஒரு மூலை விரல் நுழைகிற அளவு தூக்கிக்கொண்டது. பல்செட்காரர் அதைக் கவனிப்பதற்கு முன் மேனேஜர் கவனித்துவிட்டது. வந்ததிலிருந்து அது எதிர் அலமாரியில் உட்கார்ந்து தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மெதுவாக இறங்கி வந்து, தூக்கிய மூலையில் நகத்தை மாட்டி, டிக்கெட் கிழிப்பதுபோல் அலட்சியமாக மூடியைத் தள்ளிவிட்டு, வலது முன்னங்காலைத் தோள் வரை தண்ணீரில் விட்டது.

சமையலறையிலிருந்து விசில் வந்தது.

மீன்கள் பாறைக்குப் பின்னால் ஒளிந்து தப்பின. மேனேஜர் காலை உதறிவிட்டு, நக்கிப் பார்த்து, உப்பு கரித்ததும் முகத்தைச் சுளித்தது.

"எச்சரிக்கை கொடுத்தாச்சு" என்றாள் மனைவி.

உள்ளறையிலிருந்து மச்சான் பஸ்ஸின் பின்படி வரைக்கும் கேட்கிற குரலில், "மாப்ள! தப்பு எம் பூனை மேல இல்ல. கதவைத் திறந்து வெச்சா யார்தான் ஏற மாட்டாங்க?" என்றார்.

அந்த வார்த்தை பல்செட்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? தச்சர் டேப்பால் அளந்தார். தொட்டியின் கண்ணாடி விளிம்பு நேராக இருக்கும் என்று டேப் நம்பும். தொட்டி செய்தவன் நேராகவா ஒட்டியிருப்பான்? முன் கண்ணாடி ஒரு மயிரிழை உயரம், பின் மூலையில் பசை புடைத்திருக்கும். வாயை யாராவது டேப் வைத்து அளப்பார்களா? அச்சல்லவா எடுப்பார்கள்!

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் கிளினிக்கில் அச்சுக்கலவை வைத்திருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போய்க் காலியாயின. டாக்டர் பின்னறைக்கு வந்து, ஜன்னல் ஓரத்தில் முழ நீளத்துக்குக் கிடந்த அச்சைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க இந்தப் பேஷன்ட்? இவ்ளோ பெரிய வாய் நம்ம ஊர்ல யாருக்கு?"

"தொட்டிக்கு."

"தொட்டிக்குப் பல் கட்டப் போறீங்களா?"

"பல் இல்ல. ஈறு மட்டும்."

டாக்டர் போகிற போக்கில் காத்திருக்கும் அறையின் மூலையை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

விளிம்பின் நான்கு பக்கத்துக்கும் அச்சு எடுத்தாயிற்று. பூனைக்கும் எடுக்க வேண்டியிருந்தது. மூடியில் எங்காவது இடைவெளி விட நேர்ந்தால் அது எவ்வளவு இருக்கலாம் என்று தெரிய வேண்டுமே. மச்சானைத் தலையணை வைத்து உட்கார வைத்து, மடியில் மேனேஜரைக் கொடுத்து, பல்செட்காரர் குழைத்த கலவையோடு எதிரே மண்டியிட்டார்.

"கொஞ்சம் ஆ காட்டுங்க..." என்று வாய்க்கு வந்துவிட்டது. "இல்ல, கால் காட்டுங்க."

"மரியாதையாத்தான் கேக்கறீங்க மாப்ள. எனக்குக்கூட நீங்க இவ்ளோ மரியாதை குடுத்ததில்ல."

"நகத்தைப் பிடிச்சுக்குங்க மச்சான்."

"நகம் அதோட சொந்தச் சொத்து. நான் எப்படிப் பிடிக்கிறது?"

மேனேஜர் கலவைக்குள் காலை வைத்ததும், அது குளிர்ச்சியாகவும் மெத்தென்றும் இருந்ததால், எதிர்பாராதபடி இன்னொரு காலையும் தானே வைத்தது. அப்புறம் பல்செட்காரர் சட்டையில் இரண்டையும் துடைத்துக்கொண்டது. வார்த்து எடுத்த பிளாஸ்டர் பாதம் அத்தனை கச்சிதமாக வந்தது. விரல் மெத்தையின் வரிகூடத் தெரிந்தது. அவர் அதைக் கிளினிக் அலமாரியில், மற்றத் தாடைகளின் நடுவே, 'மேனேஜர், வலது' என்று சீட்டு ஒட்டி வைத்தார்.

மூடி செய்ய அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை எந்த மந்திரிக்குப் பல் கட்டியபோதும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். நடுவில் கனமான தெளிந்த பிளாஸ்டிக் தகடு. சுற்றிலும் தொட்டி விளிம்பின் பிளாஸ்டர் வார்ப்பின் மேல் வைத்து அமுக்கிய அக்ரிலிக் சட்டம். கையில் இருந்த அக்ரிலிக் ஒரே நிறம்தான், ஈறு நிறம். சட்டத்தைத் துண்டு துண்டாகக் கொதிக்க வைக்க வீட்டின் ஆகப் பெரிய பாத்திரம் போயிற்று.

"இனிமே அந்தப் பாத்திரம் உங்களுது. நான் தொட மாட்டேன்" என்றாள் மனைவி.

கொதித்த துண்டுகளைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மருந்து வாசனை துளியும் இல்லை என்று மோந்து மோந்து பார்த்தபின்தான் ஒட்டினார். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் வயர் போகும் இடத்தைக்கூட எறும்பு நுழையாதபடி அடைத்தார். ஒரு சாயங்காலம், மச்சானைச் சக்கர நாற்காலியில் முன்னறைக்குத் தள்ளி வந்து, மனைவியையும் நிற்க வைத்து, மூடியைத் தொட்டியின் மேல் இறக்கினார்.

'சப்' என்று ஒரு சத்தம். ஏலக்கடைக்காரரின் மேல்வரிசை அண்ணத்தில் உட்காரும்போது கேட்ட அதே சத்தம். பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி தள்ளி நின்று பார்த்தாள். "என்னங்க இது, தொட்டி சிரிக்குதா?"

"ஈறு ரொம்ப ஆரோக்கியமா இருக்கு மாப்ள" என்றார் மச்சான்.

மேனேஜர் அலமாரியிலிருந்து தொட்டிமேல் குதித்தது. மூடி அசையவில்லை. நகத்தால் விளிம்பைத் தேடியது. விளிம்பு எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்றே அதற்குப் பிடிபடவில்லை. நாலு மூலையையும் முகர்ந்துவிட்டு இறங்கிப் போனது. பல்செட்காரர் விளக்கை அணைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார்.

விடிந்ததும் கையில் தீனி டப்பாவோடு வந்தவர் டப்பாவைக் கீழே போட்டார். தொட்டியின் கண்ணாடி உள்ளே பனி பிடித்ததுபோல் மங்கியிருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தால் வெளிப்பக்கம்தான் துடைபட்டது. உள்ளே, கோமாளி ஜோடியும் மஞ்சள் மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சின்ன டாக்டர் வந்தால் திறக்கிற வாய் அல்ல அது. காற்றுக்குத் தவிக்கிற வாய். சின்ன டாக்டரோ மோட்டாரின் உச்சியில், தண்ணீரை விட்டு மீசையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. தொட்டிக்குக் காற்றில்லாமல் எதுவும் இருக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்கக் காற்றை வெளியேற்றியே பேர் வாங்கிய கை, இங்கேயும் அதையே செய்துவிட்டது.

மூடியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. விளக்கணைந்ததும் உள்ளே இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கி, மூடியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. விளிம்பில் உப்பு காய்ந்து வேறு பிடித்திருந்தது. மனைவி ஒரு பக்கம் இழுத்தாள். மச்சான் நாற்காலியில் இருந்தபடியே ஒரு மூலையைப் பிடித்தார். தொட்டி மொத்தமும் மேஜையிலிருந்து எழும்பும்போல் இருந்ததே தவிர மூடி எழும்பவில்லை. கத்தியைச் செருக இடம் தேடினார். ஒரு மயிரிழை இடம்கூட அவர் விட்டு வைக்கவில்லை. சுத்தியலால் உடைத்தால் தொட்டியும் சேர்ந்து உடையும்.

"மாப்ள, பல்செட் கழலலேன்னா என்ன செய்யச் சொல்வீங்க?"

"கன்னத்தை உப்பி, வாயை மூடிட்டு ஊதச் சொல்வேன்."

"மீனுங்ககிட்டச் சொல்லிப் பாருங்களேன்."

"மச்சான், சும்மா இருங்க!"

மனைவி மட்டும் நிதானம் தவறவில்லை. போனை எடுத்தாள். "டாக்டர், உங்க டிரில்லைத் தூக்கிட்டு உடனே வீட்டுக்கு வாங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "பூனை கை வைக்கல. நீங்கதான் வெச்சீங்க" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

டாக்டர் காற்றாய்ப் பறந்து வந்தார். கையில் டிரில் இருந்தது. வாசலில் அவர் வண்டியும், பின்னால் விரித்த மெத்தையும், தூக்க இரண்டு ஆட்களும் இருந்தார்கள்.

"எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார், யாரும் கேட்காமலே. தொட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆசையும் கவலையும் மாறி மாறி வந்தன. "நான் துளை போடவா?"

"வேண்டாம் டாக்டர். நீங்க வாயில போடற வேகத்துல போடுவீங்க. தூள் தண்ணில விழும்."

துளை போடுவது டாக்டர் வேலை. அடைப்பது தன் வேலை. இத்தனை வருடத்தில் தான் முடித்த சாமானில் தானே துளை போட்டதில்லை பல்செட்காரர். டிரில்லை வாங்கினார். பளிங்குபோல் மெருகேற்றிய தகட்டின் நடுவே முனையை வைத்தார். மனைவி தூசு உறிஞ்சும் குழாயை ஒட்டிப் பிடித்தாள். மச்சான் டார்ச் அடித்தார். டாக்டர் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்று, பழக்கத்தில், "கொஞ்சமா வலிக்கும்" என்றார்.

"யாருக்கு?" என்றார் மச்சான்.

"அவருக்குத்தான்."

டிரில் தகட்டைத் தாண்டியது. 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட மூச்சு. தொட்டி விட்டதா, பல்செட்காரர் விட்டதா என்று சொல்ல முடியாது. மூடி பொலபொலவென்று உப்பை உதிர்த்துக்கொண்டு மெல்ல எழும்பியது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தார்கள். பல்செட்காரர் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். நுரை கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாக மீன்கள் கீழே இறங்கின. மஞ்சள் மீன் பாறையோரம் போய் நின்றது. சின்ன டாக்டர் மோட்டாரை விட்டு இறங்கி, எதுவுமே நடக்காததுபோல் அதன் எதிரே போய் மீசையை ஆட்டியது. மஞ்சள் மீன் வாயைத் திறந்தது.

"பாருங்க, கடை திறந்தாச்சு!" என்றார் பல்செட்காரர். நான்கு பேரும் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தார்கள்.

தொட்டி திறந்தே கிடந்தது. அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒருவரைத் தவிர.

மேனேஜர் அலமாரியிலிருந்து மச்சானின் தோள், தோளிலிருந்து தொட்டி விளிம்பு என்று இரண்டே தாவலில் வந்து சேர்ந்தது. சின்ன டாக்டருக்கு நேர் மேலே குனிந்து, வலது காலைத் தூக்கியது. பல்செட்காரர் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கால் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கையில் குவளை. மறு கையில் டிரில். எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் "மேனேஜர் சார்!" என்று கத்தினார். அந்தப் பூனையை அவர் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

அதே கணத்தில், காலையிலிருந்து மனைவியின் கழுத்தில் தொங்கிய விசில் ஊதப்பட்டது. பள்ளிக்கூட மைதானத்தின் கடைக்கோடியில் ஓடுபவனையும் நிற்க வைக்கிற விசில். வாசலில் இருந்த ஆட்கள் தூக்கி வந்த மெத்தையைக் கீழே போட்டார்கள். மேனேஜர் திடுக்கிட்டு, பிடி வழுக்கி, தூக்கிய கால் சளக்கென்று தண்ணீரில் விழ, அதையே உதைத்து எழும்பி டாக்டரின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. டாக்டர் முகமெல்லாம் உப்புநீர் வழிந்தது.

"நனைஞ்சிருச்சு!" என்றார் டாக்டர், பூனையைப் பிடித்து இறக்கக்கூடத் தோன்றாமல். "நான் பாத்தேன், ரெண்டாவது தடவை! இதோ, என் தலையிலயே ஈரம் இருக்கு! நியாயமாச் சொல்லுங்க, கால் நனைஞ்சுதா இல்லையா?"

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பொய் சொல்ல மாட்டாள். தனக்காகக்கூடச் சொல்ல மாட்டாள். அவர் குவளையைக் கீழே வைத்தார். காத்திருக்கும் அறையின் மூலை அவர் கண்முன் வந்து நின்றது.

"நனைஞ்சுது" என்றாள் மனைவி.

டாக்டர் ஆட்களுக்குக் கை காட்டப் போனார்.

"ஆனா எப்போ நனைஞ்சுது? விசில் ஊதினதுக்கு அப்புறம். விசில் ஊதினா ஆட்டம் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் கணக்குல வராது. எந்த மைதானத்துல வேணா போய்க் கேட்டுக்குங்க."

"அது எப்படிங்க..."

"அம்பயர் முடிவு, டாக்டர்" என்றார் மச்சான். "நான் முப்பது வயசு வரைக்கும் இவகிட்ட ஆடித் தோத்திருக்கேன். பேசிப் பிரயோஜனம் இல்ல. பூனையை மட்டும் மெதுவா இறக்குங்க, அதோட இடுப்பு பத்திரம்."

ஆட்கள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனபின், பல்செட்காரர் அந்தப் பெரிய பாத்திரத்தை எடுத்துப் போய், கொல்லைக் குழாயடியில் வெகுநேரம் தேய்த்து, பளபளவென்று அவள் அடுப்பின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அந்த மூடியை அவர் தூக்கி எறியவில்லை. நடுத்தகட்டை வெட்டி எடுத்து, ஈறு நிறச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். சட்டத்தின் அடியில் காற்றுப் போக ஆங்காங்கே அரத்தால் ராவினார். ஒவ்வொரு தடவை ராவும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மச்சான் எல்லாரிடமும் சொல்வார். நடுவே தடித்த பிளாஸ்டிக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பதித்து, அதன்மேல் தெளிந்த நைலான் வலையை மேளம்போல் இழுத்துக் கட்டினார். வலையின் ஒவ்வொரு கண்ணிலும், ராவிய ஒவ்வொரு பள்ளத்திலும், அலமாரியிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்டர் பாதத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மேனேஜர் எதிரே உட்கார்ந்து, தன் கால் இன்னொருவர் கையில் இருப்பதைச் சந்தேகத்தோடு பார்த்தது.

அதன்பிறகு மேனேஜர் தண்ணீரில் கால் வைக்க முயலவில்லை. அதற்கு மூடியே பிடித்துப்போய்விட்டது. விளக்கின் இளஞ்சூடு மேலிருந்து விழும். வலை உடம்புக்கு ஏற்றபடி லேசாகக் கொடுக்கும். குறுக்குக் கம்பி தலைக்கு முட்டுக் கொடுக்கும். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும். அதன் கனத்துக்குக் கீழே மூடி வேறெங்கும் போகாது என்பதால் பல்செட்காரர் போட நினைத்திருந்த கொக்கிகளைப் போடவே இல்லை. மீன்களும் பழகிவிட்டன. தலைக்குமேல் ஒரு சாம்பல் வயிறு இருப்பதை மேகம் என்று எடுத்துக்கொண்டன போலிருக்கிறது.

"என் பூனைக்குக் கட்டில் செஞ்சு குடுத்துட்டீங்க மாப்ள. எனக்கு இந்த ஆஸ்பத்திரிக் கட்டில் குத்துது. எனக்கும் ஒரு அச்சு எடுங்களேன்" என்பார் மச்சான்.

டாக்டர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், கிளினிக் அலமாரிக்குத் திரும்பி வந்திருந்த அந்தப் பிளாஸ்டர் பாதத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய், காத்திருக்கும் அறையின் காலி மூலையில் ஒரு சின்ன மேஜை போட்டு வைத்தார். வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துப் பல்வலியை மறந்து சிரிக்கிறார்கள். யாருடையது என்று கேட்டால், தலையைத் தடவிக்கொண்டே, "பழைய பேஷன்ட்" என்பார்.

தீனி போட மூடியை ஓரமாகத் தூக்க வேண்டும். அதற்கு மேனேஜர் எழுந்திருக்க வேண்டும். அது எழுந்திருக்காது. மாலையில் பல்செட்காரர் வேலை முடிந்து வந்து, சட்டையை மாற்றி, தீனி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியருகே நிற்கிறார். கீழே மூன்று மீனும் ஒரு இறாலும் அண்ணாந்து பார்க்கின்றன. மேலே இரண்டு பச்சைக் கண்கள் அரைகுறையாகத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்கின்றன.

"மேனேஜர் சார், ஒரு நிமிஷம் கொஞ்சம் தள்ளிப் படுத்தீங்கன்னா..."

அது கொட்டாவி விடுகிறது. அவர் குனிந்து, அதன் கடைவாய்ப்பல்லைக் கவனமாகப் பார்க்கிறார்.